பேரக் குழந்தையின் உள்ளப் புண்ணும் பெரியோர் கடனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கோலமும் தோரணமும் பொலிய, குழந்தைகளின் ஆடலும் பாடலும் நிறைந்து விளங்கும் இந்நன்னாளில், உள்ளத்தில் ஏற்படும் புண்ணைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். விழா நாளன்றி நாம் எல்லாரும் ஒருங்கே கூடும் நாள் வேறு யாது? மேலும், இன்று மேடையேறி ஆடிய குழந்தைகளைக் கண்டு மகிழ்ந்த நாம், மேடையேற அஞ்சி மூலையில் ஒதுங்கி நின்ற குழந்தையையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டுமன்றோ? ஆதலின் சங்கத்தார் பணித்த இத்தலைப்பை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டோம்.

பேசுபவர் ஒருவராயினும், இவ்வுரை கணவன் மனைவி ஆகிய எங்கள் இருவருடையது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்குடியிருப்பில் உங்களோடு வாழ்ந்து வருகிறோம். நாங்கள் மருத்துவர் அல்லோம். உளநூல் கற்றவரும் அல்லோம். ஒரு பேரக் குழந்தையின் உள்ளப் புண்ணுக்கு மருந்து தேடி அலைந்தவர்கள். அந்த அலைச்சலில் கற்றதை உங்கள்முன் வைக்கின்றவர்கள். அவ்வளவே எங்கள் தகுதி.

பிழைப்பு நாடித் தமிழகம் விட்டு வந்து குடியேறிய நம்மிடையே, தாத்தா பாட்டியரின் பொறுப்பு ஊரில் இருப்பதைக் காட்டிலும் பெரிது. ஊரில் பெரியப்பா உண்டு, சித்தி உண்டு, அத்தை உண்டு. இங்கோ பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றால் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களே. குடும்பத்தில் ஒரு பேரிடி விழுந்தால், குழந்தையை மடியில் ஏந்த வேண்டியவர்களும் அவர்களே. விபத்து, இறப்பு, தீ, வெள்ளம், வீட்டுக்குள் நிகழும் அடிதடி, சொல்லக் கூசும் கொடுமை என இடி பல வடிவில் வரும். அவ்வேளையில் நம் வாயில் முதலில் வரும் சொல் யாது? ‘சின்னக் குழந்தைதானே, மறந்துவிடும்’ என்பதே. அன்பினால் சொல்லும் சொல்தான் இது. ஆயினும் இஃது உண்மையன்று என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் மாநகரின்மீது குண்டுகள் பொழிந்தன. அப்போது அன்னா பிராய்டு என்னும் அம்மையாரும் தோரதி பர்லிங்ஹாம் என்னும் அவருடைய தோழியாரும் ஆம்ப்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தையில்லங்களை நடத்தினர். அங்கிருந்த குழந்தைகளை நாள்தோறும் கூர்ந்து நோக்கி அவர்கள் கண்ட உண்மை வியப்பிற்குரியது. குண்டு வீழ்ந்த ஓசையினும், தாயைப் பிரிந்த பிரிவே பல குழந்தைகளை மிகுதியாக வாட்டிற்று. தாயோ, தாயனைய ஒருவரோ அமைதியாக அருகில் இருந்தபோது, குண்டு மழையையும் குழந்தைகள் தாங்கினர்.

மற்றொரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். 1976-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சௌசில்லா என்னும் சிற்றூரில், 26 குழந்தைகள் சென்ற பள்ளிப் பேருந்தைக் கயவர் மூவர் கடத்தினர். குழந்தைகளையும் ஓட்டுநரையும் மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த ஒரு சரக்கு வண்டிக்குள் அடைத்தனர். ஓட்டுநரும் மூத்த சிறுவர்களும் மேலிருந்த மண்ணை அகற்றி வழி கண்டதனால் அனைவரும் உயிர் தப்பினர். உடலில் பெருங்காயம் இல்லை. ஆதலின் எல்லாம் நலமே என்று பலரும் எண்ணினர். ஆனால் லெனோர் டெர் என்னும் உளநோய் மருத்துவர் சில திங்கள் கழித்துச் சென்று அக்குழந்தைகளைக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்தும் கண்டார். அவர் கண்டவர்களுள் அந்நிகழ்ச்சியின் வடு இல்லாத குழந்தை ஒன்றேனும் இல்லை. குழந்தைகள் துன்பத்தை வாயால் சொல்லாமல் விளையாட்டிலே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டியதையும், அவ்விளையாட்டில் மகிழ்ச்சி சிறிதும் இல்லாதிருந்ததையும் அவர் எழுதி வைத்தார்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? பெரியவர்கள் துன்பத்தைக் கதையாகச் சொல்வர். குழந்தைகள் அதனை நடத்தையால் சொல்வர். விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் வரும். இரவில் அலறி எழும். சிறு ஓசைக்கும் திடுக்கிடும். பாட்டியின் முந்தானையை விடாது. காரணமின்றி வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்னும். நன்கு படித்த பிள்ளை பாடத்தில் பின்தங்கும். சில பிள்ளைகள் முரட்டுத்தனம் கொள்வர். வேறு சிலர் மிகமிக நல்ல பிள்ளைகளாகி, ஓசையே இன்றி இருப்பர். முரடனைத் திருத்த முற்படுகிறோம். ஓசையற்ற பிள்ளையைக் கண்டு ‘தேறிவிட்டான்’ என்று மகிழ்கிறோம். இரண்டிடத்தும் குழந்தை நம்மிடம் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும் செவிதான் வேண்டும்.

துன்பம் கண்ட குழந்தைகள் எல்லார்க்கும் மருத்துவம் வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. பரிவும் பாதுகாப்பும் ஒழுங்கான அன்றாட வாழ்வும் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் மெல்லத் தெளிவர். ஒரு திங்களுக்கு மேலும் இக்குறிகள் நீடித்தாலோ, உணவும் உறக்கமும் பள்ளியும் கெட்டாலோ காலம் தாழ்த்துதல் கூடாது. குழந்தை தன்னைத் துன்புறுத்திக்கொள்ள முயன்றாலோ ஒரு நாளும் பொறுத்தல் ஆகாது.

நிற்க. இனி எங்கள் வீட்டுச் செய்தியைச் சிறிது சொல்கிறோம். எங்கள் மருமகனின் இசைவோடு சொல்கிறோம். பேரனிடமும் கேட்டோம். ‘சொல்லுங்க தாத்தா, என் பேர் மட்டும் வேண்டாம்’ என்றான். ஆதலின் பெயர் சொல்லோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள், மருமகன், ஐந்து வயதுப் பேரன் ஆகிய மூவரும் சென்ற காரின்மீது நெடுஞ்சாலையில் ஒரு லாரி மோதிற்று. மகள் அவ்விடத்திலேயே உயிர் நீத்தாள். மருமகன் நான்கு திங்கள் மருத்துவமனையில் கிடந்தார். பேரனுக்குக் கையில் ஒரு சிராய்ப்பு மட்டுமே. அவனை எங்கள் வீட்டிற்கு அழைத்து வந்தோம். நீங்கள் பலரும் அந்நாளில் வந்து எங்களுக்குத் துணையாக இருந்தீர்கள், அதனை மறவோம்.

அவன் அழவில்லை. அம்மா எங்கே என்றும் கேட்கவில்லை. விளக்கு எரிந்தால்தான் உறங்கினான். தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றை வேகமாகத் தள்ளி மற்றவற்றில் மோதச் செய்வான், மீண்டும் அடுக்குவான், மீண்டும் மோதச் செய்வான். ஒரு முறையேனும் சிரித்ததில்லை. இவற்றோடு, என்னவென்று விளங்காத ஒரு வழக்கமும் அவனிடம் இருந்தது. அவன் யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை. தாகம் எடுத்தால் தானே சென்று நாற்காலிமேல் ஏறிக் குடித்துக்கொள்வான். வீட்டில் வேறு யாரேனும் ‘கொஞ்சம் தண்ணீர் கொடு’ என்று கேட்டுவிட்டால், அந்த அறையை விட்டே சென்றுவிடுவான். விருந்தினர்க்கு முதலில் தண்ணீர் கொடுப்பதன்றோ நம் வழக்கம்? அதனால் வீட்டிற்கு யார் வந்தாலும் அவன் மறைந்துகொண்டான்.

அறிவுரைகள் பல வந்தன. தாயின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றனர் சிலர். வேறு ஊரில் விடுதிப் பள்ளியில் சேர்த்தால் எல்லாம் மறக்கும் என்றனர் சிலர். பயந்த கோளாறு, மந்திரித்துக் கயிறு கட்டுங்கள் என்றனர் சிலர். எல்லாம் அன்பின் சொற்களே. கோவிலுக்குச் சென்றோம்; இறைவன்முன் நின்றது எங்களுக்கு வலிமை தந்தது. வழிபாடும் மருத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஆனால் படத்தை எடுக்கவில்லை. பிள்ளையையும் வெளியூர் அனுப்பவில்லை. தாயை இழந்த குழந்தை வீட்டையும் இழத்தல் வேண்டா என்று உறுதி கொண்டோம்.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே, நான்கு பேர் சூழ்ந்திருக்க, ‘என்ன நடந்தது, சொல்’ என்று குழந்தையை வினவினர். அவன் பாட்டியின் கையை இறுகப் பற்றிக்கொண்டான். உறக்கம் வர ஒரு மருந்து எழுதித் தந்தனர். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பின்னர் ஓர் அரசு மருத்துவமனையின் உளநோய்ப் பிரிவை அடைந்தோம். அங்கிருந்த மருத்துவர் அவனை நன்கு ஆய்ந்து, மருந்து இப்போது வேண்டா என்று கூறி, மருத்துவ உளவியல் கற்ற ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் முதல் நாள் விபத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. எங்களோடு தனியே ஒரு மணி நேரம் பேசினார். பின்னர்ப் பிள்ளையோடு தரையில் அமர்ந்து பொம்மைகளை எடுத்தார்.

இவ்விரு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். உளநோய் மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் பேச்சாலும் விளையாட்டாலும் பயிற்சியாலும் உள்ளத்தைத் தேற்றுபவர். அவர் பெயர், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். ஆற்றுப்படுத்துநர் என்ற பலகையைப் பலரும் தொங்கவிடுகின்றனர். ஆதலின் பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. குழந்தைகளுக்கு மருத்துவம் செய்த பழக்கம் உண்டா, எம்முறையில் செய்வீர்கள், வீட்டாராகிய எங்களுக்கு என்ன பங்கு, எத்தனை வாரம் ஆகும் என்ற நான்கு கேள்விகளையும் துணிந்து கேளுங்கள். நல்லவர் பொறுமையாக விடை சொல்வார். ‘ஒரே அமர்வில் குணப்படுத்துவேன்’ என்பவரிடமும், ‘வீட்டார்க்கு இங்கே வேலையில்லை’ என்பவரிடமும் குழந்தையை ஒப்படைக்க வேண்டா.

எங்கே தேடுவது? பெங்களூரில் நிம்ஹான்ஸ், ராஞ்சியில் 1918-இல் தொடங்கிய மத்திய உளநோய் மருத்துவ நிலையம், தில்லியில் இபாஸ் ஆகியன பெயர் பெற்ற அரசு நிறுவனங்கள். அத்துணைத் தொலைவு செல்ல இயலாதவர், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உளநோய்ப் பிரிவை நாடலாம். 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக மாவட்ட மருத்துவமனைகளிலும் உதவி கிட்டும். எங்குச் செல்வது என்றே தெரியாதவர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். ‘டெலி மனாஸ்’ என்னும் இந்த அரசுப் பணி 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிற்று. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசுவர்.

தாத்தா பாட்டியர் ஒன்றை மறத்தல் ஆகாது. பேரனை வளர்ப்பவர் நாமாயினும், சட்டப்படியான காப்பாளர் பெற்றோரே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சிறுவர்க்குச் சட்டக் காப்பாளரே பேராளர் ஆவார். ஆகவே பெற்றோருள் ஒருவர் இருப்பின் அவருடைய இசைவைக் கடிதமாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இல்லையெனில், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் விண்ணப்பித்துக் காப்பாளராகலாம். மருத்துவமனை வாயிலில் நின்று தவிப்பதைக் காட்டிலும் இது நன்று.

மருத்துவம் என்றதும் மாத்திரை என்று எண்ணுகிறோம். அதிர்ச்சியுற்ற குழந்தைகளுக்கு அதன் முதல் திங்களில் பென்சோடயசபின் வகை மருந்துகள் தரலாகாது என்று உலக நலவாழ்வு அமைப்பு 2013-இல் வழிகாட்டிற்று. நாட்பட்ட உள்ளப் புண்ணுக்கு அவ்வமைப்பு பரிந்துரைப்பனவற்றுள் ஒன்று, துயர நிகழ்ச்சியை மையமாகக் கொண்டு சிந்தனையையும் நடத்தையையும் சீராக்கும் முறை. அமெரிக்க நாட்டின் ஜூடித் கோயன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்லிங்கர் ஆகியோர் வகுத்தது அது. பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வுகள். சிலர்க்கு மேலும் வேண்டும். அஞ்சும்போது உடல் ஏன் நடுங்குகிறது என்று முதலில் கற்பிப்பர். மூச்சை அமைதிப்படுத்தவும், அச்சம், சினம், துயரம் எனத் தன் உணர்வுக்குப் பெயரிடவும் பழக்குவர். பின்னர்த்தான், படிப்படியாக, நடந்ததைக் குழந்தை தன் வாயாலோ படத்தாலோ விளையாட்டாலோ சொல்லும். அதில் கலந்திருக்கும் தவறான எண்ணத்தைக் கண்டறிந்து நீக்குவர். குழந்தையை வளர்க்கும் பெரியவர்க்கும் கூடவே அமர்வுகள் உண்டு. மருந்து முற்றும் வேண்டாதது என்பதன்று. மருத்துவர் ஆய்ந்து தந்தால் தவறாது கொடுத்தலும், தாமாக நிறுத்தாதிருத்தலும் நம் கடமை.

தவறான எண்ணம் என்றோமே, அதன் பொருளை எங்களுக்கு விளக்கியது பேரனின் தண்ணீர்தான். அந்த உளவியல் அம்மையார்க்குத் தமிழ் தெரியாது, இந்தியில் பேசுவார். பேரனும் பள்ளியில் கற்ற இந்தியில் விடை சொல்வான். ஒன்பதாம் வாரம், பொம்மைகளோடு தனியே விளையாடுகையில், அவன் ஒரு சிறு பொம்மையைப் பார்த்து ஏதோ தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மையார் அந்த ஒலியைக் கேட்டபடியே நாகரி எழுத்தில் குறித்துக்கொண்டு, அமர்வு முடிந்ததும் எங்களிடம் படித்துக் காட்டினார். ‘தண்ணி கேக்காதே, தண்ணி கேக்காதே’ என்பதே அது.

அன்றிரவே மருமகனிடம் தொலைபேசியில் கேட்டோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர்ச் சொன்னார். லாரி மோதுவதற்குச் சற்று முன், பின்னிருக்கையில் இருந்த பிள்ளை தண்ணீர் கேட்டான்; முன்னிருந்த தாய் திரும்பிப் புட்டியை நீட்டினாள். அவ்வளவே. ஐந்து வயது உள்ளம் அதனைக் கொண்டு ஒரு முடிவு கட்டிவிட்டது. தான் தண்ணீர் கேட்டதால்தான் தாய் இறந்தாள் என்று அது நம்பிற்று. அத்துணைப் பெரிய சுமையை அத்துணைச் சிறிய பிள்ளை ஓர் ஆண்டுக்கு அருகில் தனியே சுமந்திருக்கிறான்.

அம்மையார் அவசரப்படவில்லை. மருமகனை வரச் செய்தார். லாரி ஏன் மோதிற்று என்பதைத் தீப்பெட்டிகளைக் கொண்டே பிள்ளைக்கு விளங்கக் காட்டினார். இறுதியில் ஒரு சொல்லைத் தந்தையே சொல்ல வேண்டும், தமிழிலே சொல்ல வேண்டும் என்றார். மருமகன் அவனை மடியில் இருத்தி, ‘நீ தண்ணி கேட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லடா கண்ணா. தாகம் எடுத்தா கேக்கத்தான் வேணும். அம்மா உனக்குத் தண்ணி கொடுக்க ஆசைப்பட்டுத்தான் கொடுத்தா’ என்றார். அன்றுதான் பிள்ளை முதன்முதலாக வாய்விட்டு அழுதான். ஏறத்தாழ ஒரு திங்கள் சென்றபின், ஓரிரவு உணவு உண்கையில், ‘பாட்டி, தண்ணி’ என்றான். நாங்கள் ஒன்றும் பேசாமல் கொடுத்தோம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லோம். லாரியின் ஒலிப்பான் கேட்டால் இன்றும் காதைப் பொத்துகிறான். விபத்து நடந்த திங்கள் வரும்போது மீண்டும் விளக்கைக் கேட்கிறான். ஆனால் தீப்பெட்டிகளைக் கொண்டு இப்போது வீடு கட்டுகிறான்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. குழந்தை பள்ளியில் எம்மொழி பேசினும், அதன் ஆழ்ந்த துயரம் தாய்மொழியில்தான் உறைந்து கிடக்கக்கூடும். தமிழ் அறிந்த வல்லுநர் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில், அச்சம், வலி, அம்மா, தண்ணீர், வேண்டாம், வீடு போன்ற சில தமிழ்ச் சொற்களையேனும் வல்லுநர்க்கு எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்க்க அண்டை வீட்டாரையோ மூத்த குழந்தையையோ அமர்த்த வேண்டா. பிள்ளை வாய் திறவாது, மூத்த பிள்ளைக்கும் அது சுமை. மருத்துவமனைப் பணியாளருள் தமிழர் இருப்பின் அவரைக் கேட்கலாம். 2020-க்குப் பின் தொலைபேசி வழியும் காணொளி வழியும் மருத்துவ அறிவுரை பெறுதல் முறையாக இடம்பெற்றுவிட்டதால், தமிழகத்து வல்லுநரிடம் பெரியவர்களேனும் பேசி வழி கேட்கலாம். சிறு குழந்தைக்கோ நேரில் அமர்ந்து விளையாடுவதே சிறந்தது.

இன்னும் ஒன்றைக் கூசாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையின் புண்ணுக்குக் காரணம் ஒரு மனிதனின் இழிசெயலாக இருப்பின், அங்கே மருத்துவம் மட்டும் போதாது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று மூடி வைத்தல் குழந்தையை இரண்டாம் முறை கொல்வதாகும். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது, தெரிவிக்காமை தண்டனைக்குரியது. குழந்தையைக் காவல் நிலையத்தில் இரவு தங்க வைத்தல் கூடாது. அதன் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரி, சீருடை அணியாது வந்து பதிய வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். அவர் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். பெயரை வெளியிடுதல் குற்றம். உடனடி உதவிக்கு 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. குற்றம் செய்தவர் உறவினரே ஆயினும், முதற்கண் குழந்தையை அவரிடமிருந்து விலக்கிக் காத்தல் வேண்டும்.

பள்ளிக்கும் ஒரு சொல். வகுப்பாசிரியரிடம் வேண்டிய அளவு மட்டும் சொல்லி வையுங்கள். திடுக்கிட்டு எழுந்து ஓடும் பிள்ளை அடங்காப்பிள்ளை அன்று. உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் தண்டனையையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

முதியவர்களாகிய நம்மைப் பற்றியும் நினைக்க வேண்டும். பேரன் தாயை இழந்தான். நாங்கள் மகளை இழந்தோம். ‘நீங்கள் யாரிடம் அழுகிறீர்கள்?’ என்று அம்மையார் எங்களை ஒரு நாள் கேட்டார். குழந்தைக்கு மறைத்து அழ வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஆதலின் மகளின் நினைவு வந்தபோது அவன் காணவே அழுதோம். ‘அம்மா ஞாபகம் வந்தது, அதான்’ என்று காரணமும் சொன்னோம். பின்னர் எழுந்து சமையலைக் கவனித்தோம். துயரம் வரும், போகும், வீடு நிலைத்து நிற்கும் என்பதைக் குழந்தை கண்ணால் காணுதல் வேண்டும். முதியவர் நாமும் மருத்துவரிடம் நம் இரத்த அழுத்தத்தைக் காட்டுவதுபோல், நம் துயரத்தையும் ஒருவரிடம் சொல்லித் தேற வேண்டும். நாம் நிலைத்திருந்தால்தான் பிள்ளை பற்றிக்கொள்ளக் கொம்பு இருக்கும்.

இறுதியாக, இக்குடியிருப்பினர்க்கும் சங்கத்தார்க்கும் மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: துன்புற்ற குழந்தையைத் தெருவில் நிறுத்தி, ‘அம்மா எப்படி இறந்தாள்?’ என்று யாரும் கேளாதீர்கள், இரக்கத்தோடும் கேளாதீர்கள், பந்து விளையாட அழையுங்கள், அது போதும். இரண்டு: மருத்துவமனை செல்லும் நாளில் வண்டி தந்தும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டும், ஒரு வேளைச் சோறு அனுப்பியும் துணை நில்லுங்கள். வாரந்தோறும் செல்லும் மருத்துவம் பாதியில் நின்றுபோவது பல வீடுகளில் துணையின்மையாலேயே. மூன்று: நம் படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில், இந்நகரிலும் அருகிலும் குழந்தை உள மருத்துவம் செய்வோர், அவர்களுள் தமிழ் அறிந்தோர் ஆகியோரின் பட்டியலைச் சங்கம் எழுதி வைத்தல் வேண்டும். 14416, 1098 என்னும் எண்களும் அதில் இருக்கட்டும். பலகையைப் பார்ப்பவர் யார் என்று யாரும் பார்க்க வேண்டா.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, ஊர்ப் பெண்களும் ஆசிரியர்களும் பயிற்சி பெற்றுக் குழந்தைகளைத் தேற்ற முன்வந்தனர். அவர்களால் இயன்றது நம்மாலும் இயலும். தமிழை வளர்க்கச் சங்கம் கண்டோம். அந்தத் தமிழில் ஒரு குழந்தை தன் துயரைச் சொல்லும்போது, அதைக் கேட்கும் செவியாகவும் இச்சங்கம் விளங்க வேண்டும்.